முதல் மலைச் சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 35, உயரம் 165 செ.மீ. பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிள் ஓட்டியதில்லை. விடுமுறை நாட்களில் ஊரைச் சுற்றியுள்ள மண் பாதைகளிலும், நன்கு பழகிய பின் வத்தல்மலைச் சாலையிலும் ஓட்ட விரும்புகிறேன். கடையில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் 21 கியரும் கொண்ட ஒரு சைக்கிளை 16,000 ரூபாய்க்கும், முன்னால் மட்டும் ஷாக் உள்ள வேறொன்றை 24,000 ரூபாய்க்கும் காட்டினார்கள். வசதி அதிகம் உள்ளதே விலை குறைவாக இருப்பதால் குழப்பமாக உள்ளது. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், இராயக்கோட்டை

பதில்: முன்னால் மட்டும் ஷாக் உள்ளதை வாங்குங்கள்; ஆனால் அது உங்கள் உடலளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

நல்ல பின் ஷாக் என்பது வெறும் சுருள்வில் அன்று. அமுங்கிய வில் துள்ளி எழாமல் நிதானமாக மீள்வதற்கு அதனுள் எண்ணெய் கொண்ட ஒரு தணிப்பு அமைப்பு வேண்டும். சட்டகத்தின் அசையும் மூட்டுகளுக்குத் தரமான பேரிங் வேண்டும். இவ்வளவும் 16,000 ரூபாய்க்குள் அடங்காது. அந்த விலையில் கிடைக்கும் பின் ஷாக், மேட்டில் நீங்கள் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அமுங்கி உங்கள் உழைப்பில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்வதோடு, வண்டியின் எடையையும் கூட்டிவிடும். சில மாதங்களில் அதன் மூட்டுகள் ஆடத் தொடங்கும். பின்னால் ஷாக் இல்லாத சைக்கிளில் அந்தச் செலவு சக்கரம், பிரேக், கியர் ஆகியவற்றின் தரத்துக்குப் போகிறது. முன் ஷாக் 100 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கினால் உங்கள் பாதைகளுக்குப் போதும். தார்ச்சாலையில் அதைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சட்டகத்தின் அளவு. நான் முதலில் வாங்கிய சைக்கிள் எனக்கு ஓர் அளவு பெரியது. உட்காரும் இடத்தை முன்னே தள்ளினால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னதை நம்பி ஓர் ஆண்டு முழுவதும் கழுத்து வலியுடன் ஓட்டிய பிறகே அதை விற்றேன். உங்கள் உயரம் சிறிய அளவும் நடுத்தர அளவும் சந்திக்கும் எல்லையில் இருப்பதால், இரண்டையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். குறுக்குக் கம்பிக்கு இருபுறமும் காலைப் போட்டு, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நிற்கும்போது, கம்பிக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்டிருந்தால் அது உங்களுக்குரிய சைக்கிள் அன்று. இரண்டு அளவும் ஏறக்குறையப் பொருந்தினால் சிறியதை எடுங்கள். கரடுமுரடான பாதையில் அதைத் திருப்புவதும், தடுமாறினால் உடனே காலூன்றுவதும் எளிது.

21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரங்களும் பின்னால் 7 பல்சக்கரங்களும் சேர்ந்த கணக்கு. அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமமானவை. நீங்கள் கேட்க வேண்டியது மிக இலகுவான கியர் எது என்பதைத்தான். முன்னால் 24 பற்களும் பின்னால் 34 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் சுமார் 0.7 சுற்றுத்தான் சுற்றும். பின்னால் 28 பற்களே இருந்தால் அது 0.86 ஆகும். காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாட்டை வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் முழங்கால்கள் நன்றாகவே உணரும்.

அதே மலையிலிருந்து இறங்குவதற்காகவே டிஸ்க் பிரேக் வேண்டும் என்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதற்குக் கைவலு குறைவாகப் போதும். கம்பியில் இயங்குவதை உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். ஆகவே, எண்ணெய் பிரேக்கைப் பராமரிக்கத் தெரிந்தவர் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தால் மட்டும் அதை எடுங்கள். எதுவானாலும், இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இல்லாமல் ஒரு நாளும் ஏறாதீர்கள்.

சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 27.5 வசதியானது. நம் மாவட்டத்தில் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள்தான். ட்யூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம், ஒரு மாற்று ட்யூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் ஆகிய நான்கையும் சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த வரம்புக்குள், மண் பாதையில் குறைந்த பக்கமாகவும் தார்ச்சாலையில் கூடிய பக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதங்களுக்குத் தக்காளித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் வண்டிப் பாதைகளே போதும். அடுத்ததாக, கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையைச் சுற்றியுள்ள சாலைகளுக்குப் போகலாம். ஊடேதுர்க்கம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகியவை யானைகள் நடமாடும் பகுதிகள். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுப் பாதைகளில் இறங்காதீர்கள். காட்டை ஒட்டிய சாலைகளில்கூட விடியற்காலையிலும் மாலை மங்கிய பிறகும் ஓட்டாதீர்கள். சைக்கிள் சத்தமின்றிச் செல்வதால், யானைக்கும் உங்களுக்கும் ஒரே கணத்தில்தான் மற்றவர் இருப்பது தெரியும்.

கேள்வி: பழைய மலைச் சைக்கிள் வாங்கினால் எவற்றைச் சோதிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் சட்டகத்தின் பற்றவைப்பு இடங்களில், குறிப்பாகக் கைப்பிடிக் கழுத்துக்குக் கீழே, மயிரிழை விரிசல் உள்ளதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி நெளிவு உள்ளதா என்றும், பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டித் தளர்வு உள்ளதா என்றும் பாருங்கள். செயினும் பல்சக்கரங்களும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.