கடினமான ஆங்கிலச் சொற்களை மறக்காமல் இருக்க நீங்கள் செய்த தந்திரம் என்ன?

பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஊர் போச்சம்பள்ளி பக்கம், 2004க்கு முன் தருமபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி. வங்கித் தேர்வுக்குச் சேர்ந்த பயிற்சி மையத்தில் கொடுத்த நினைவுக் குறிப்புகள் எல்லாமே இந்தி ஒலியை வைத்துக் கட்டியவை. ஆங்கிலச் சொல் நினைவில் நிற்க, முதலில் இந்திச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும்! பத்தே நாளில் அந்த நோட்டை மூடிவிட்டு, சொந்தமாகக் கட்ட ஆரம்பித்தேன்.

முதலில் ஒட்டிக்கொண்டது 'பெக்யூனியரி'. பணம் சார்ந்தது என்று பொருள். இதன் வேர் லத்தீனில் 'பெக்கு', அதாவது கால்நடை. நம்மிடமும் அதே கதைதான்: 400ஆம் குறளில் 'மாடல்ல மற்றை யவை' என்று வரும் மாடும் செல்வம்தானே. என் பயிற்சிக் கட்டணமே ஒரு கறவை மாடு. சந்தையில் அப்பாவும் தரகரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். தரகர் ஒரு விரலை விட்டுவிடுவார், அப்பா அதைத் திரும்பப் பிடிக்க வைப்பார். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டு ஞாபகம் வந்தாலே 'பெக்யூனியரி' வந்துவிடும். மாட்டை ஓட்டிவிட்ட பிறகு வெறிச்சோடிய கொட்டகைதான் எனக்கு 'இம்பெக்யூனியஸ்', கையில் காசில்லாத நிலை.

'அபண்டன்ட்', 'இனண்டேட்', 'ரிடண்டன்ட்' மூன்றுக்குள்ளும் இருப்பது 'உண்டா', லத்தீனில் அலை. கர்நாடகத்தில் அணை திறந்த நாளில் ஒகேனக்கல் போனவர்களுக்கு இது எளிது. ஆறு நிறைய வருவது முதல் சொல். அங்குள்ள ஐந்தருவியே தெரியாமல் மூழ்குவது இரண்டாவது. தடை போட்டதும் தேவையில்லாமல் போய்க் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசல்கள் மூன்றாவது.

'கர்டெய்ல்' என்றால் குறைப்பது. வாலை ஒட்ட நறுக்குவது என்று வைத்துக்கொண்டேன். பிறகு தேடிப் பார்த்தால், வால் நறுக்கிய குதிரையைக் குறித்த சொல்லில் இருந்துதான் அது வந்ததாம்.

தினம் ஐந்து சொல் போதும். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திருப்பிப் பார்த்தால் சரி.

ஒரு இடத்தில் மட்டும் வழுக்கினேன். ஏமாளி என்ற பொருளில் வரும் சொல்லை எழுத்தை மட்டும் பார்த்து, 'குல்லா போட்டால் ஏமாறுபவன்' என்று பதித்துவிட்டேன். நேர்முகத் தேர்வில் வாய் தானாக 'குல்லிபிள்' என்றது. எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கலிபிள்" என்றார். அதிலிருந்து முதலில் செல்போன் அகராதியில் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் தந்திரமே. குல்லாவைக் கழற்றிவிட்டுக் களியை வைத்தேன். எங்கள் வீட்டு ராகிக் களிதான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் நம்புகிறவன், கலிபிள்.