கறிவேப்பிலைச் செடியில் எடுத்த புழுவுக்குக் கீரையும் முட்டைக்கோஸும் வைத்தோம், தின்னாமல் செத்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிப் புழுவை வீட்டில் எப்படி வளர்ப்பது?

அந்தப் புழு பட்டினியால்தான் செத்திருக்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புழு என்றால் எந்த இலையும் தின்னும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, தன் குஞ்சு தின்னக்கூடிய செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கிறது. முட்டைக்கோஸைப் பக்கத்தில் வைத்தாலும் கறிவேப்பிலைப் புழு பசியோடு கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. எந்தச் செடியில் எடுத்தீர்களோ, அந்தச் செடியின் இலைதான் அதற்குச் சோறு.

பாளையங்கோட்டை மாடிவீட்டுத் தொட்டிச் செடி என்று எழுதியிருப்பதால், எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். சின்னதில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகவும், கடைசிப் பருவத்தில் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்றை நீட்டி, புளிப்பு வாடையைக் கிளப்பும். அது கொட்டாது, அரிக்கவும் செய்யாது. அக்கம்பக்கத்தார் ‘கம்பளிப்பூச்சி’ என்று பிள்ளையைப் பயமுறுத்தினால், மேலே ரோமம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரோமக் கற்றை உள்ளவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். இந்த வழவழப்பான புழுவால் ஒரு கெடுதலும் கிடையாது.

இவை கறிவேப்பிலையோடு எலுமிச்சை, நாரத்தை, வில்வ இலைகளையும் தின்னும். ஆனால் கறிவேப்பிலையில் பாதி வளர்ந்ததை நடுவில் எலுமிச்சைக்கு மாற்றினால் பல சமயம் தின்ன மறுக்கும். தொடங்கிய இலையிலேயே முடியுங்கள். எருக்கில் இருக்கும் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப் புழு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியுடையது, அதற்கு எருக்கிலைதான் வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும் என்பதால் அந்த இலையைப் பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள். பறித்தவர் உடனே சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி வளரும். நந்தியாவட்டையில் கட்டைவிரல் தடிமனில், வாலில் ஒற்றைக் கொம்போடு இருப்பது அந்துப்பூச்சி வகை. அது குச்சியில் கூடு கட்டாமல் கீழே இறங்கும். டப்பாவின் அடியில் மூன்று விரல் ஆழத்துக்கு ஈரமான தளர்ந்த மண்ணும் மேலே சருகும் போடாவிட்டால் அலைந்து அலைந்தே செத்துவிடும்.

அடுத்தது மருந்து. கடையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து இலைக்குள்ளேயே ஊறியிருந்தால் மஞ்சள்தூள், உப்புத் தண்ணீர் எதில் கழுவினாலும் போகாது. புழு வளைந்து பச்சையாகக் கக்கித் துடித்தால் முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள். வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று வாதாட வருவார்கள். பூச்சி தோலுரிப்பதைத் தடுப்பதுதான் வேம்பின் வேலை, ஆகவே வேப்பெண்ணெய் அடித்த செடியும் ஆகாது. நர்சரியில் வாங்கிய கன்று என்றால் அதில் அடித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும் புதுத் தளிரைக் கொடுங்கள். புழு இருக்கும் அறையில் கொசுவர்த்தி, கொசுமருந்துத் திரவம், எறும்புச் சாக்பீஸ் மூன்றும் கூடாது. எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைப்பதே போதும்.

முட்டையும் சின்னப் புழுவும் இருக்கும்போது மூடியுள்ள சிறிய டிபன் டப்பா போதும். அடியில் டிஷ்யூ தாள் விரித்து, ஒரு தளிர் இணுக்கு வைத்து, தினமும் ஒருமுறை திறந்து எச்சத்தைக் கொட்டித் தாளை மாற்றுங்கள். மூடியின் உட்புறம் நீர் முத்துமுத்தாக நின்றால் உடனே துடையுங்கள். இந்த ஈரத்தில்தான் பூஞ்சை வருகிறது, நோயும் பரவுகிறது. இலையைக் காலையில் பறித்து, அலசி, நன்றாக உதறி உலர்த்திய பிறகே வைக்க வேண்டும். பழைய இலையில் ஒட்டியிருக்கும் புழுவைப் பிய்த்து எடுக்காதீர்கள். அது இருக்கும் துண்டை மட்டும் கத்தரியால் வெட்டிப் புது இலைமேல் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும்.

புழு ஒன்றரை செ.மீ. தாண்டியதும் கூண்டுக்கு மாற்றலாம். சோறு கறி மூடும் வலைக்கூடையே போதுமானது, ஆனால் உள்ளே ஓரடி உயரமாவது இருக்க வேண்டும். பழைய கொசுவலையைச் சுற்றிக் கட்டுவதானால் மருந்து தோய்த்த வலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோய்த்ததென்றால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். இணுக்கைச் சிறிய மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிச் சொருகி, வாயைப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். அடைக்காத புட்டிக்குள் புழு இறங்கி மூழ்கிவிடும். கூண்டைத் தார்சாவில் (தாழ்வாரத்தில்) நிழலாக வையுங்கள். நம் சித்திரை வெயில் நேரடியாகப் பட்டால் டப்பாவுக்குள் வெந்துபோகும். ஆனி, ஆடிக் காற்றில் இணுக்கு அரை நாளிலேயே வாடிவிடும், அப்போது இரண்டு வேளை மாற்ற வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்த முறை, தொட்டிச் செடியின் ஒரு கிளையையே நெட் துணிப் பைக்குள் விட்டுச் சுருக்குக் கட்டி, உள்ளே புழுவை விடுவதுதான். இலை வாடாது, எச்சம் பையடியில் சேரும், குளவியும் பல்லியும் அண்டாது.

எவ்வளவு தீனி என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். புழுப் பருவம் நம் ஊர்ச் சூட்டில் சுமார் இரண்டு வாரம், நடுவில் நான்கு தடவை தோலுரிக்கும். முதல் வாரத்தில் இலை குறைவதே தெரியாது. கடைசி நான்கைந்து நாளில்தான் மொத்தத் தீனியில் பெரும்பங்கைத் தின்கிறது. ஒரு புழுவுக்கே நாளுக்கு ஒரு முழு இணுக்கு, சில நாள் இரண்டு தேவைப்படும். இரண்டடிச் செடி ஒன்றுக்கு மூன்று நான்கு புழுவுக்கு மேல் வைக்காதீர்கள். பத்துப் புழுவை ஆசையாகப் பொறுக்கி, கடைசி நாளில் செடி மொட்டையாகி, சாந்திநகரிலும் சமாதானபுரத்திலும் இலைக்கு அலைவதில் அர்த்தமில்லை. தோலுரிப்பதற்கு முன் ஒரு நாள் தின்னாமல் அசையாமல் இருக்கும். செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள், விரலால் நிமிண்டவும் வேண்டாம். கால் பிடிமானம் விட்டுப்போனால் தோல் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

நன்றாக வளர்த்தும் சாகிறதே என்பவர்களுக்கு: முட்டை முழுக்கக் கறுத்துப்போனால் உள்ளே நுண்குளவி இருக்கலாம். புழுவின் பக்கத்தில் அரிசி போன்ற சின்னக் கூடுகள் வந்தால் அதுவும் குளவிதான். கூட்டுப்புழுவில் ஓட்டை விழுந்து, நூல் போன்ற பிசினோடு வெள்ளைப் புழு கீழே இறங்கியிருந்தால் அது ஈ. இவையெல்லாம் வெளியில் இருக்கும்போதே உள்ளே போனவை, உங்கள் கவனக்குறைவு அல்ல. புழு கறுத்து, கொழகொழவென்று தலைகீழாகத் தொங்கினால் வைரஸ் நோய். அதை இலையோடு தாளில் சுற்றி அப்புறப்படுத்தி, கூண்டைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்து, மிச்சப் புழுக்களைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

கூட்டுப்புழு ஆகும் முன் நீர்த்த எச்சம் போட்டுவிட்டு விறுவிறுவென்று சுற்றும். வயிற்றுப்போக்கு என்று பதற வேண்டாம், குடலைக் காலி செய்கிறது. கூண்டில் இரண்டு மூன்று காய்ந்த குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். எலுமிச்சை அழகி தலை மேலாக இருந்து இடுப்பில் பட்டு நூல் கட்டிக்கொள்ளும், வெந்தய வரியன் தலைகீழாகத் தொங்கும். கீழே விழுந்துவிட்டால் எலுமிச்சை அழகிக்குக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, வால் கீழாக உட்கார வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். தொங்கும் வகையை வால் நுனிப் பட்டில் நூல் கட்டித் தொங்கவிடலாம்.

எட்டுப் பத்து நாளில் ஓட்டின் வழியே இறக்கை நிறம் தெரிந்தால் மறுநாள் காலை எதிர்பாருங்கள். வெளிவந்ததும் தொங்கி இறக்கையை விரிக்கக் கீழே கையகல இடம் வேண்டும். சொட்டும் சிவந்த நீர் ரத்தம் அல்ல. ஓட்டைப் பிரித்து உதவ வேண்டாம். மூன்று நான்கு மணி நேரம் கழித்து வெயில் இருக்கும்போது விட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் ஒரு நாள் வைத்து, ஒரு கரண்டி சர்க்கரைக்குப் பத்துக் கரண்டி தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைக்கலாம்.

‘கூண்டில் அடைப்பது பாவம்’ என்று கீழே எழுத வருவோருக்கு: இரண்டு மூன்று புழுவை வளர்த்து அதே செடிக்கருகில் விடுவதைத்தான் சொல்கிறேன், விற்பனைக்கோ திருமணத்தில் பறக்க விடவோ அல்ல. களக்காடு முண்டந்துறை காட்டிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள், அது புலிகள் காப்பகம். சில வண்ணத்துப்பூச்சிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளன. வெளிநாட்டு நீலப் பூச்சியின் முட்டை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது வேண்டாம். நம் எலுமிச்சை அழகியே கடல் தாண்டி 2004இல் டொமினிக்கன் குடியரசில் கண்டறியப்பட்டு, அங்கே எலுமிச்சைக்குப் புதுப் பூச்சியானது.

கேள்விக்கு வெளியே என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். காலிமனையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபியை விட்டு எருக்கு, ஆவாரை, ஆடுதீண்டாப்பாளை எல்லாவற்றையும் வேரோடு வழித்துவிட்டு, அங்கேயே அழகுச் செடி நட்டு ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ என்று பலகை வைக்கிறார்கள். பூவில் தேன் குடிக்கலாம், முட்டை எங்கே வைக்கும்? வாய்க்கால் கரையில் நாலு ஆவாரையை விட்டுவைத்தாலே இளமஞ்சள் பூச்சிகள் கூட்டமாக வரும். இது மனம் நொந்து சொல்வது.

அடுத்த தடவை பெரிய புழுவாக எடுக்காதீர்கள், அதன் உடலுக்குள் குளவி ஏற்கனவே முட்டை வைத்திருக்கலாம். மழை பெய்து தளிர் விட்டதும் காலையில் கறிவேப்பிலை நுனியைப் பாருங்கள். கடுகளவில், வெளிர் மஞ்சளாக, ஒற்றையாக ஒட்டியிருக்கும் முட்டையை இலையோடு கிள்ளி எடுங்கள். முதல் தடவைக்கு இரண்டு முட்டை போதும்.