மலிவாக மொத்தமாகக் குண்டு வாங்குவது எப்படி? குமரி மாவட்ட ஏர் ரைபிள்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இலக்குச் சுடுதலுக்கான குண்டு பற்றி நாகர்கோவிலில் தொடங்கிக் களியக்காவிளை வரை வந்த கேள்விகளும் பதில்களும். பெரும்பாலானவை 4.5 மி.மீ ஏர் ரைபிள் பெல்லட் பற்றியவை. கடைசியில் ஒரே ஒரு .22 (வெடிமருந்துத் தோட்டா போடும் ரைபிள்) கேள்வி இருக்கிறது.

நாகர்கோவில், வடசேரி: அண்ணாச்சி, மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகத் தொடங்கியிருக்கிறாள். ஒரு வருசத்துக்கு எத்தனை டப்பா வேண்டியிருக்கும்? மொத்தமாக எடுத்துவிடலாமா?

கணக்கு எளிது. போட்டியில் 60 குண்டு. முன்னால் சரிபார்ப்புக்கு ஒரு 15 வைத்தால் ஒரு நாளுக்கு 75. வாரம் மூன்று நாள் என்றால் 225. வருசத்தில் 50 வாரம் பிடித்தால் 11,250. டப்பாவுக்கு 500 என்பதால் 23 டப்பா.

ஆனால் இப்போதே 23 வாங்காதீர்கள். மகள் கிளப் ரைபிளில் சுடுகிறாள் என்றால் நாளைக்கு வேறு ரைபிள் கைக்கு வரும். ஒரு பேரலுக்கு ஒத்துப்போன குண்டு இன்னொன்றுக்கு ஒத்துவராது. இப்போதைக்கு நான்கைந்து டப்பா போதும். சொந்த ரைபிள் வந்து, எந்தக் குண்டு பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு ஆறு மாசத்துக்கு 12 டப்பா எடுங்கள். எல்லாம் ஒரே லாட் எண்ணாக, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியாக, இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம்: லாட் எண் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டப்பா. அப்புறம் என்ன வித்தியாசம்?

பெல்லட் அச்சில் அடித்து எடுக்கும் ஈயம். அச்சு தேயும், மாற்றுவார்கள். ஈயத்தின் கலவையும் கொஞ்சம் மாறும். தலையின் விட்டம் 0.01 மி.மீ நகர்ந்தாலே சில பேரல்களில் குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் ஓட்டைக் கூட்டம்) விரிந்துவிடும். அதனால்தான் நல்ல மேட்ச் (போட்டித் தர) குண்டு டப்பாவில் 4.49, 4.50 என்று தலை அளவும், அதோடு லாட் எண்ணும் ஒட்டியிருப்பார்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள்.

சோதனை இப்படி. ரைபிளை மேசையில் மணல் பையின் மேல் அசையாமல் வையுங்கள். ஃபேன் வேண்டாம், காற்று புகும் ஜன்னலும் வேண்டாம். புதுக் குண்டுக்கு மாறியதும் முதல் 15 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரல் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்து குண்டு வீதம் ஐந்து குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் தூரமான இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, அதில் 4.5 மி.மீ கழியுங்கள். 7.5 வந்தால் குரூப் 3 மி.மீ. ஐந்துக்கும் சராசரி எடுங்கள். ஐந்தில் அழகான ஒன்றை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறவர்களை நம்பி யாரும் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

தக்கலை: எவ்வளவு சின்ன குரூப் வந்தால் போதும்? விலையுயர்ந்த குண்டு தேவையா?

இதற்குக் கணக்கே பதில் சொல்லும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ புள்ளி. குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. குண்டின் ஆரம் 2.25, புள்ளியின் ஆரம் 0.25. ஆக நடுவிலிருந்து 2.5 மி.மீக்குள் விழுந்தால் போதும். அதாவது நடுவைச் சுற்றி 5 மி.மீக்குள் அடங்கும் ரைபிளும் குண்டும் எல்லாவற்றையும் பத்தாகவே போட முடியும். தவறுவது கை.

தசமப் புள்ளிக்கு வந்தால் கதை வேறு. 10.0 முதல் 10.9 வரை ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. அங்கே குண்டின் தரம் மதிப்பெண்ணாக இறங்கும். ஆகவே பயிற்சிக்கு ஆர்டபிள்யூஎஸ் பேசிக், எச் அண்ட் என் ஸ்போர்ட் போன்ற விலை குறைந்த மேட்ச் வகை. போட்டிக்கு ஆர்10, ஃபினாலே மேட்ச் போன்றவற்றில் பேரலுக்குப் பொருந்தியது. போட்டிக் குண்டில் வருசத்துக்கு மூன்று நாலு டப்பாவுக்கு மேல் செலவாகாது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அதற்கு மாறிவிடுங்கள், சைட் (குறி பார்க்கும் கருவி) திருத்தம் கொஞ்சம் நகரும்.

தக்கலையிலிருந்தே இன்னொருவர்: தராசு வாங்கி ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்தால் மலிவுக் குண்டும் நல்ல குண்டாகுமா?

ஆகாது. ரைபிள் பெல்லட் சுமார் 0.53 கிராம். 0.01 கிராம் கூடினால் வேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டருக்கு குண்டு கீழே இறங்குவது சுமார் 17 மி.மீ. அதில் 1 சதவீத வேகத்துக்கு 0.35 மி.மீ. ஒரு தசமப் புள்ளிக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பத்து குண்டு சுடலாம். எடைக்குப் பதில் கண்ணால் பாருங்கள்: பின்பக்கப் பாவாடை நசுங்கியதும் தலையில் சீவல் ஒட்டியதும் தனியே போகட்டும். ஒரு டப்பாவில் 500க்கு 25 நசுங்கல் இருந்தால் அதன் உண்மையான விலை 475 குண்டுக்கு. விலை ஒப்பிடும்போது இதையும் வகுங்கள்.

திங்கள்சந்தை: கூர்மூக்குக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது.

தாளில் கிழிசல்தான் விழும், எண்ண முடியாது. தட்டைத் தலை வட்டமாக வெட்டும். இலக்குக்குத் தட்டை மட்டும். இரும்பு உருண்டையை ரைபிளிங் (உள்ளே சுழல் வரிகள்) உள்ள பேரலில் போடவே கூடாது. வரிகள் தேய்ந்துவிடும், சுவரில் பட்டால் திரும்பியும் வரும்.

குளச்சல்: வாங்கி வைத்த டப்பாவில் வெள்ளைப் பொடி படிகிறது. போலிக் குண்டா?

போலி இல்லை மக்கா, ஈயம் துருவேறுகிறது. கடற்காற்றின் ஈரம் ஒரு காரணம். பலரும் கவனிக்காதது, மர அலமாரி. சில மரங்களும் பிளைவுட் பசையும் விடுகிற அமில ஆவி ஈயத்தை வெள்ளையாக்கும். வினிகர், ஊறுகாய் பக்கத்தில் வைத்தாலும் இதே கதை.

தகர டப்பாவை அப்படியே மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். பொடி படிந்ததைத் துணியால் தேய்த்துச் சுடாதீர்கள். அந்தப் பொடி நஞ்சு, மூச்சில் போகக்கூடாது. அந்த டப்பாவை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: சுடும்போது குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு வரும். முளையிலேயே கிள்ளுங்கள். சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவாமல் கடலைமிட்டாய் கூடத் தொடக்கூடாது. ரேஞ்சைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

குலசேகரம்: குண்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் வழுக்கிப் போகும் என்கிறார்களே?

தேங்காய் எண்ணெய் தலைக்கும் தாளிப்புக்கும். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் எண்ணெய் பற்றி வெடிக்கும். ஒவ்வொரு குண்டும் வேறு வேகத்தில் போகும், சீல் கெடும். காற்று சிலிண்டர் வகையில் இன்னும் மோசம். 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் இருந்தால் ஆபத்து. டப்பாவிலிருந்து எடுத்தபடியே போடுங்கள்.

கீரிப்பாறை: ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை. அதற்கு எந்தக் குண்டு?

எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறையிடம் மனு கொடுங்கள். இங்கே தாளும் தகரமும் மட்டும்.

அருமநல்லூர்: வீட்டுக்குப் பின்னால் சுட லைசென்ஸ் வேண்டுமா?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மி.மீ விட்டத்துக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் ரைபிள் எட்டு ஜூலுக்குக் கொஞ்சம் கீழேதான். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. நம்மூரில் வீடும் வீடும் ஒட்டி நிற்கிறது. இலக்குக்குப் பின்னால் 45 பாகை சாய்ந்த இரும்புத் தகடு போட்ட பெட்டி, அதற்குப் பின்னால் செங்கல் சுவர். டயரைப் பின்னணியாக வைக்காதீர்கள், குண்டு திரும்பும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்களுக்கு: காற்றாலை ஓடும் காற்றில் வெளியில் குண்டுச் சோதனை வீண். அறைக்குள் செய்யுங்கள்.

நாகர்கோவில், கோட்டாறு: லைசென்ஸ் உள்ள .22 ரைபிள். 50 மீட்டருக்கு எந்தக் குண்டு சிக்கனம்?

பெட்டிக்கு 50, பத்துப் பெட்டி சேர்ந்தால் 500. "ஹை வெலாசிட்டி" என்று எழுதியதை எடுக்காதீர்கள். அது ஒலி வேகத்துக்கு மேலே, நொடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்பி, இலக்கை எட்டுவதற்குள்ளேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் குண்டு தள்ளாடும். நம் ஊர் வெயிலில் ஒலி வேகம் சுமார் 348 மீட்டர். நொடிக்கு 320 முதல் 330 வரை உள்ள ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி மேட்ச் குண்டு அதற்குக் கீழேயே ஓடும், அமைதியாகவும் இருக்கும்.

சோதனை பெல்லட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் பத்துக் குண்டு குரூப், இரண்டு லாட்டுக்காவது. 50 மீட்டரில் பத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் மேல் மெழுகு பூச்சு இருக்கும். சட்டைப் பையில் போட்டால் மணல் ஒட்டிப் பேரலைக் கீறும். வெயிலில் காரில் விட்டால் மெழுகு உருகும். லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. பழைய பெட்டியை முதலில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசைத் திறங்கள்.