பி53 பாசிட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா?

கேள்வி: டாக்டர், சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 58 வயது. போன மாதம் சினைப்பைக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா’ என்றும், கீழே ‘பி53 பாசிட்டிவ், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் அடர்த்தியான சாயம்’ என்றும் இருக்கிறது. பி53 புற்றுநோயைத் தடுக்கும் புரதம் என்று போனில் படித்தேன். அப்படியானால் அது நிறைய இருப்பது நல்லதுதானே? அதற்கு ஜிங்க் தேவை என்று சொல்லித் தம்பி மாத்திரை வாங்கி வந்திருக்கிறான், கொடுக்கலாமா? எனக்கும் தங்கைக்கும் இது வருமா?

பதில்: காவல்காரர்கள் நிறையப் பேர் இருந்தால் திருட்டு குறையும் என்று நினைப்பது நியாயம்தான். நீங்கள் தடுக்கிய இடத்தில் மருத்துவ உலகமே ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறது. 1979-இல் இந்தப் புரதத்தைக் கண்டபோது, கட்டிச் செல்களில் குவிந்து கிடக்கிறதே என்று இதையே குற்றவாளி என நினைத்தார்கள். தங்கள் கையில் இருந்தது பழுதான பி53 என்பது விளங்க ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இருப்பதற்குப் பிடி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பிடிக்க வேண்டும்? டி.என்.ஏ.வை. செல்லுக்குள் மரபணுவில் காயம் பட்டால், பி53 போய் சில குறிப்பிட்ட மரபணுக்களின் வாசலில் உட்கார்ந்து அவற்றை இயக்குகிறது. ஒன்று செல் பிரிவதை நிறுத்தும், ஒன்று செல்லைத் தானாகச் சாக வைக்கும். சரியான வாசலில் உட்காராத பி53 எத்தனை இருந்தும் பயனில்லை.

அந்த வாசலைக் கண்டுபிடிப்பது லேசான வேலை அல்ல. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நம் மரபுத் தொகுதி இரண்டு படிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அலகுகளான ஏ, டி, ஜி, சி ஆகியவற்றைத்தான் எழுத்து என்கிறோம்). பி53 தேடுவதோ இருபது எழுத்து. பத்துப் பத்தாக இரண்டு துண்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ‘சி’யில் தொடங்கி ‘ஜி’யில் முடியும் நாலு எழுத்து. (ஏற்காடு மலைப்பாதையிலும் கொண்டை ஊசி வளைவுகள் இருபதுதான். எனக்கு இந்த எண் மறக்காமல் இருக்க அதுவே காரணம்.) நாலு பி53 மூலக்கூறுகள் ஒன்று சேர்ந்து, ஆளுக்கு ஐந்து எழுத்தாக இதைப் பற்றுகின்றன.

இன்னொரு அழகும் உண்டு. மூடுபனி இறங்கிய நாளில் ஏற்காட்டு பஸ் டிரைவர் வளைவு எண் போர்டைப் படித்தா ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்? ரோட்டின் சாய்வும் குறுகலுமே அவருக்குச் சொல்லிவிடும். பி53-உம் பாதி அப்படித்தான். அதன் வால் பகுதி டி.என்.ஏ.வை லேசாகத் தொட்டபடி வழுக்கிக்கொண்டு போகிறது. டி.என்.ஏ. முறுக்கிய கயிறு மாதிரி இருப்பதால் அதில் அகலப் பள்ளம் ஒன்றும் குறுகல் பள்ளம் ஒன்றும் ஓடுகின்றன. அகலப் பள்ளத்தில் பி53 எழுத்துகளையே நேராகத் தொட்டுப் பார்க்கிறது. குறுகல் பள்ளத்தில் அது தடவிப் பார்ப்பது வடிவத்தை. இந்தப் புரதம் 393 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 248-ஆவது மணியான ஆர்ஜினின் அந்தக் குறுகலுக்குள் விரல் போல நுழைகிறது. 273-ஆவது ஆர்ஜினின் கயிற்றின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது. டி.என்.ஏ.வைப் பிடித்த நிலையிலேயே பி53-ஐ 1994-இல் படிகமாக்கிப் படம் எடுத்தார்கள். கட்டிகளில் அடிக்கடி மாறிப்போகும் மணிகள் பெரும்பாலும் இந்தப் பிடிமானத்தைச் சுற்றியே இருப்பது அப்போது கண்ணால் தெரிந்தது.

பழுது இரண்டு வகை. 248, 273 மாறினால் விரலே போன மாதிரி. 175 மாறினால் விரல் இருக்கும், ஆனால் கை மடங்கும் விதமே கெட்டுவிடும். அந்த மடிப்பைத் தாங்கி நிற்கும் துத்தநாகம் அங்கே தங்காது. உங்கள் தம்பி படித்த ஜிங்க் இதுதான். ஊரில் ஜிங்க் இல்லாமல் இல்லை, அதை வைத்துக்கொள்ளும் பொந்துதான் சிதைந்திருக்கிறது. மாத்திரை அதைச் சரிசெய்யாது. கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சங்கடம், நாலு பேர் தூக்கும் வேலையில் ஒருவர் தடுமாறினாலும் போதும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் சப்பரம் தூக்கியவர்களைக் கேளுங்கள், ஒரு தோள் இறங்கினால் மற்ற மூன்று தோள்களின் பாடு தெரியும். பழுதான பி53, நல்லவற்றோடு சேர்ந்து அவற்றின் பிடியையும் கெடுக்கிறது.

சரி, பழுதானது ஏன் குவிகிறது? நல்ல செல்லில் பி53 உருவாக உருவாக எம்.டி.எம்.2 என்ற புரதம் அதை அழித்துக்கொண்டே இருக்கும். அந்த எம்.டி.எம்.2-இன் வாசலிலும் உட்கார்ந்து அதை இயக்குவது பி53-தான். தன்னைக் குறைக்கும் ஆளைத் தானே வேலைக்கு வைத்திருக்கிறது. பிடி போன பி53-ஆல் அதைச் செய்ய முடியாது. அழிக்க ஆள் குறைய, செல்லுக்குள் தேங்குகிறது. மைக்ராஸ்கோப்பில் நாங்கள் பார்க்கும் அடர்ந்த பழுப்பு நிறம் இந்தத் தேக்கம். பழுதில்லாத பி53 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சிலது வெளிறி, சிலது அடர்ந்து தெரியும். சாயமே துளியும் ஏறாவிட்டால் அதுவும் பழுதுதான், புரதமே உருவாகவில்லை என்று அர்த்தம். ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, உங்களைப் போன்றவர்களைக் குழப்புவதைத் தவிர அதனால் லாபமில்லை.

அம்மாவுக்கு வந்திருக்கும் ‘ஹை கிரேடு சீரஸ்’ என்ற சினைப்பைப் புற்றுநோய் வகையில் ஏறக்குறைய எல்லோருக்கும் பி53 பழுதாகியிருக்கும். அதனால் அந்த வரி புதிதாக ஒரு கெட்ட செய்தி அல்ல. கட்டியின் வகையை உறுதிப்படுத்தவே அந்தச் சோதனை. இந்த வகை, பிளாட்டினம் சேர்ந்த கீமோவுக்குப் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும்.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா என்பதற்கு பி53 வரியில் பதில் இல்லை. இந்தப் பழுது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே உண்டானது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. பிறவியிலேயே பி53 பழுதோடு வரும் குடும்பங்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. அங்கே சிறு வயதிலேயே பலருக்குப் பலவிதப் புற்றுநோய் வந்திருக்கும். நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு: பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்களின் ரத்தப் பரிசோதனை. இந்த வகைச் சினைப்பைப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் அதைச் செய்யச் சொல்கிறோம். முதலில் அம்மாவுக்குத்தான் செய்ய வேண்டும். பழுது இருந்தால் கீமோவுக்குப் பிறகு ஒலாபரிப் போன்ற மாத்திரை அவருக்கு உதவலாம். அப்புறம் நீங்களும் தங்கையும் தம்பியும் பார்த்துக்கொள்ளலாம். தம்பியை விட்டுவிடாதீர்கள், ஆண்களுக்கும் இந்த மரபணுப் பழுது வரும், அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும்.

அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கும்போது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் யாருக்கு எந்த வயதில் மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பெரியம்மா, அத்தை வீட்டிலும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.