நர்ஸம்மா பதில்கள்: பிள்ளைக்கு எதற்கு வருமானச் சான்று?

(வாசகர் கேள்விகளுக்கு ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் தரும் பதில்கள்)

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் மசோதாவை ஜனாதிபதி புஷ்ஷே தடுத்தார் என்று படித்தேன். பிள்ளைகள் வைத்தியத்திலுமா அரசியல்? – கல்லூரி மாணவி, காசிமேடு

அதில்தான் அரசியல் அதிகம், கண்ணு. பிள்ளைக்கு வைத்தியம் வேண்டாம் என்று எந்தத் தலைவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் சண்டை கணக்கு வழக்கில் வந்து நிற்கும்.

அந்தத் திட்டம் 1997-ல் கிளிண்டன் காலத்தில் வந்தது. ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹேட்சும் சேர்ந்து கொண்டுவந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டில் சேர முடியாதபடி சம்பளம் கொஞ்சம் அதிகம், தனியாரிடம் பாலிசி எடுக்கவோ கையில் காசில்லை. அப்படி நடுவில் மாட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் அது. 2007-ல் ஐந்து வருடத்துக்குக் கூடுதலாக 3,500 கோடி டாலர் ஒதுக்கி, சிகரெட் பாக்கெட்டுக்கு 61 சென்ட் வரியை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று மசோதா வந்தது. புஷ் அக்டோபர் 3 அன்று திருப்பி அனுப்பிவிட்டார். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் அரசுத் திட்டத்துக்குத் தாவிவிடுவார்கள் என்றார். தாவுவார்கள்தான். தாவட்டுமே, என்ன இப்போ?

அவரை மீறி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 273, எதிர்ப்பு 156. 13 ஓட்டு குறைந்து போனது. 2009 பிப்ரவரியில் ஒபாமா வந்த கையோடு அதே போன்ற மசோதாவில் கையெழுத்துப் போட்டார். சிகரெட் வரியும் ஏறியது.

என் மகளுக்கு ஆறு வயது. அடிக்கடி வீசிங். கலைஞர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியில் ஓ.பி.க்குச் செல்லாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் அட்டை எதற்கு? – குடும்பத் தலைவி, மணலி

2009-ல் வைத்த பெயரையே இன்னும் சொல்கிறீர்கள்! 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. அவர்கள் சொன்னது நிஜம்தான் அம்மா. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பெரும்பாலும் படுக்கையில் சேர்த்தால்தான் அட்டை. காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது அதில் வரும். நீங்கள் மாதாமாதம் போய் நெபுலைசர் வைப்பது வராது. அமெரிக்கத் திட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கேதான் வித்தியாசம்: அங்கே சாதாரண பரிசோதனை, தடுப்பூசி, பல் வைத்தியம்கூட உண்டு. நம் ஊரில் அந்த வேலையை அரசு ஆஸ்பத்திரியும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையமும் இலவசமாகச் செய்கின்றன. அதனால் அட்டையை நம்பி உட்காராமல் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வார்டில் எத்தனையோ அம்மாக்கள் இன்ஹேலரை நேராகப் பிள்ளை வாயில் வைத்து அமுக்குவார்கள். மருந்து முக்கால்வாசி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். பம்ப்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசர் குழாயில் பொருத்தி, ஒரு தடவை அமுக்கி, பிள்ளை நாலைந்து முறை நிதானமாக மூச்சு இழுத்து விட வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பேசக்கூட முடியாமல் இளைத்தால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108.

என் வீட்டுக்காரர் சம்பளம் மாதம் 14,000. வருமான வரம்பைத் தாண்டுவதால் அட்டை கிடையாது என்கிறார்கள். குழந்தைகளுக்காவது வரம்பை எடுத்தால் என்ன? – வாசகி, கொருக்குப்பேட்டை

எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். வருடத்துக்கு 72,000 ஆக இருந்த வரம்பை 2022-ல் 1,20,000 ஆக்கினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம். கொருக்குப்பேட்டையில் வீட்டு வாடகை என்ன என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்கக்காரன் நடுவில் மாட்டினவர்கள் என்று சொன்னானே, அது நீங்கள்தான். 2024-ல் ஒன்றிய அரசு 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் காப்பீடு அறிவித்தது. நானும் கிழவிதான், சந்தோஷம். ஆனால் தாத்தாவிடம் கேட்காத சான்றைப் பேரனிடம் ஏன் கேட்கிறார்கள்?

செலவு என்பார்கள். குழந்தைகளில் பெரும்பாலோர் வருடம் முழுக்கப் பெரிய சிகிச்சையே இல்லாமல் ஓட்டிவிடுவார்கள். இருதயத்தில் ஓட்டை என்று ஒரு பிள்ளைக்கு வந்தால்தான் அந்த வீடு நகை, வட்டி என்று கவிழ்கிறது. காப்பீடே அதற்காகத்தானே?

இந்தக் காப்பீட்டுப் பணம் எல்லாம் தனியாருக்குத்தானே போகிறது? அதை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே? – ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

முழுக்க அப்படி இல்லை தம்பி. அரசு ஆஸ்பத்திரியில் அட்டையோடு ஆபரேஷன் செய்தாலும் அந்த ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டுத் தொகை வரும். தனியாருக்குப் போகும் பங்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்காக அட்டையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ராத்திரி ஓ.பி.யில் குழந்தை டாக்டரை இன்னும் கூட்டச் சொல்லிக் கேட்பேன். ஓட்டு கேட்டு வருபவரிடம் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

புதிதாகப் பிறந்த பேத்திக்கு அட்டை? – எண்ணூர் வாசகர்

முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ரேஷன் கார்டில் பெயர். மற்றதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.