வழக்கு இருக்கிறவருக்கு அம்மா ஏன் ஓட்டுப் போடுகிறார்?

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்பவர் மீது 11 வழக்குகள் இருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அம்மாவிடம் சொன்னால், "இருக்கட்டும், நமக்கு ஒண்ணுன்னா அவர்தானே வர்றார்" என்கிறார். போன தேர்தலில் தெருக்காரர் ஒருவர் பணம் கொடுத்துவிட்டு, தட்டில் கற்பூரம் ஏற்றிச் சத்தியமும் வாங்கிக்கொண்டு போனார். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். உண்மையிலேயே தெரியுமா? அந்த வழக்குகள் என்னவென்று நான் எப்படிப் பார்ப்பது?
– மதுரை மாவட்ட வாசகி

பதில்: பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தெரியாது. பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும், பிறகு உள்ளே விழுந்துவிடும். அதில் வேட்பாளரின் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும்தான் இருக்கும்; உங்கள் அம்மாவின் பெயர் இருக்காது. சாவடிக்குள் கேமரா வைத்திருந்தாலும் அது மறைப்புக்குள் பார்க்காது. "உள்ளே கேமரா இருக்கு, அண்ணனுக்கு எல்லாம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். நான் தேர்தல் வழக்குகளை எடுத்து நடத்தத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பொய் மட்டும் சாகவே இல்லை.

ஆனால் அம்மாவின் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். தனி ஆள் யாருக்குப் போட்டார் என்பது தெரியாதே தவிர, ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-இல் வெளியாகிவிடும். ஒரு சாவடி என்பது நாலைந்து தெரு. "உங்க தெரு எங்களுக்குப் போடலை, தண்ணி லாரி எப்படி வரும்?" என்று கேட்க அது போதும். பல சாவடி இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து ஒன்றாக எண்ணும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-இலேயே சொன்னது. சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. ஏழைத் தெருவின் ஓட்டைப் பாதுகாக்க ஒரு கருவி வாங்குவதில் இத்தனை வருடத் தயக்கம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது அந்தத் தெருக்காரர். இவரிடம்தான் நீங்கள் மிக கவனமாக இருக்க வேண்டும். கையில் ஒரு நோட்டு, அதில் வாக்காளர் பட்டியலின் பாகம் எண் வாரியாக வீடுகள், வீட்டுக்கு எத்தனை ஓட்டு, எதிரே ஒரு டிக். மேலிருந்து வந்த தொகை அப்படியே வீடு வந்து சேர்ந்ததாக நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. அவரிடம் வாக்காளர் அட்டை நகல், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எதையும் தராதீர்கள். டோக்கன் தந்தாலும் வாங்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்; பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 173-இன்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் பணப் பட்டுவாடா புகாரில் நிறுத்தியே வைத்தார்கள். தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமெடுத்து அனுப்பினால் பறக்கும் படை வர வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை. வாங்கிவிட்ட பணத்துக்காகச் செய்த சத்தியம்? குற்றத்துக்காக வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. இதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அம்மா ஏன் அவருக்கே போடுகிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். பணத்துக்காக என்று நினைத்தால் அம்மாவைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள். எல்லாக் கட்சியும் கொடுக்கும் ஊரில் பணம் எதையும் தீர்மானிப்பதில்லை. என்னிடம் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண்மணியிடம், "நீங்கள் ஓட்டுப் போட்டவர் மேல் அடிதடி வழக்கு இருப்பது தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும் சார். என் பையனை ஸ்டேஷன்ல உட்கார வச்சிருந்தப்போ ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது அவர்தான். நல்லவரு ஒருத்தரும் நின்னாரு, பாவம், அவர் போன் பண்ணா இன்ஸ்பெக்டர் எடுக்க மாட்டார்" என்றார். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? காவல் நிலையமும் தாலுகா ஆபீசும் ஆள் பார்த்துக் கதவு திறக்கும்வரை, கதவைத் தட்டத் தெரிந்தவருக்குத்தான் ஓட்டு விழும். அதனால் அம்மாவிடம் ஒழுக்கம் பேசாதீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் நீங்களே மனு போட்டுக் கொடுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டேஷனில் புகார் வாங்காவிட்டால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த வேட்பாளர் இல்லாமலே ஒரு வேலை நடந்துவிட்டால், உங்கள் பேச்சை அம்மா காது கொடுத்துக் கேட்பார்.

சரி, வழக்குகள். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் சொன்ன தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் அந்தப் பத்திரம் இருக்கும். போனில் ஆணையத்தின் கேஒய்சி (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) வசதியிலும் பார்க்கலாம். கடைசியில் உள்ள சுருக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அங்கே எண்ணிக்கைதான் இருக்கும். முன்னால் 5-ஆம் பத்திக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், பிரிவு, சுருக்கமான விவரம், குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்பதெல்லாம் அட்டவணையாக இருக்கும். தண்டனை பெற்றிருந்தால் 6-ஆம் பத்தி.

11 என்ற எண்ணை மறந்துவிட்டுப் பிரிவை மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "இவர் மேல் இத்தனை வழக்கு" அட்டைகள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. 2014-இல் கன்னியாகுமரியில் நின்ற சுப. உதயகுமார் 300-க்கும் மேற்பட்ட வழக்குகளைக் காட்டினார். கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடியதற்காகப் போட்ட வழக்குகள் அவை. இடிந்தகரையில் மீன் பிடித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான மக்கள் மேலும் அப்படி வழக்குகள் போட்டார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர்கள்தான் நாட்டிலேயே பெரிய குற்றவாளிகள்! சாலை மறியல், தடையை மீறிக் கூடுதல் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341. ஜூலை 1, 2024-க்குப் பிந்தைய வழக்கானால் 189, 223, 126. குடிதண்ணீர் கேட்டுக் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தாலும் இவைதான் விழும். நீங்கள் நின்று பார்க்க வேண்டியது 302, 307, 420, 506 போன்றவற்றை (புதிய எண்கள் 103, 109, 318, 351). அதாவது கொலை, கொலை முயற்சி, மோசடி, மிரட்டல். அதிலும் குற்றச்சாட்டு வனையப்பட்டிருந்தால், வழக்கு நடத்த அடிப்படை இருக்கிறது என்று ஒரு நீதிபதி பார்த்துவிட்டார் என்று பொருள். வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டுத் தேடலாம்.

இத்தனை வழக்கு இருந்தும் எப்படி நிற்க முடிகிறது என்பீர்கள். பொதுவாக இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை வந்தால்தான் தகுதி போகும். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை நிற்கலாம். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஆராயும் ஏ.டி.ஆர். அமைப்பின் கணக்கில் 2009 மக்களவையில் வழக்குள்ளவர்கள் 162 பேர், 2024-இல் 251 பேர். இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சிகள் காரணம் வெளியிட வேண்டும், ஜெயிப்பார் என்பது காரணம் ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் "மக்கள் சேவை செய்பவர்" என்று ஒரே வரியை எல்லோருக்கும் எழுதுகின்றன. பீகார் தேர்தலில் இந்த உத்தரவை மீறிய கட்சிகளுக்கு 2021-இல் விதித்த அபராதம் 1 லட்சம், 5 லட்சம். ஒரு கட்சிக்கு அது ஒரு மேடைச் செலவு. பத்திரத்தில் பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பிரிவு 125ஏ இருக்கிறது. அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

அந்த 5-ஆம் பத்தியை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காவல் நிலையத்தின் பெயரை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பக்கத்து ஸ்டேஷன் என்றால், அடி வாங்கியவர் யார், நிலத்தை இழந்தவர் யார் என்பது நம் இருவரையும்விட அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.