சாண்டர்ஸ் ஓடாத 1,457 யார்டு

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் நோவை என்ற ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். கார் கம்பெனி வேலை. இங்கே லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி என்றால் உயிரை விடுகிறார்கள். டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டு மைதானத்தில் பேரி சாண்டர்ஸின் சிலையைப் பார்த்த பிறகு, அவருடைய பழைய ஓட்டங்களை நானும் என் பதின்மூன்று வயது மகனும் தேடித் தேடிப் பார்த்தோம். பிரமித்துப் போனோம். ஆனால் 1999இல், 31 வயதில், பந்தோடு மொத்தமாக அதிக தூரம் ஓடிய வால்டர் பேட்டனின் சாதனைக்கு வெறும் 1,457 யார்டு இருக்கும்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தால் போதும். கடவுள் கொடுத்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது பொறுப்பில்லாத செயல் இல்லையா? என் மகன் சின்ன வயதிலிருந்து நீச்சல் பயிற்சிக்குப் போகிறான். மாநில அளவில் வருவான் என்கிறார் கோச். இப்போது போதும் என்கிறான். கேட்டால், சாண்டர்ஸே விட்டாரே என்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்வது? எம்மிட் ஸ்மித், சாண்டர்ஸ் இருவரில் யார் பெரியவர்? இந்த முரட்டு ஆட்டத்தைக் கலை என்று சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசி இரண்டு கேள்விகளையும் விட்டுவிடுகிறேன். சாண்டர்ஸின் ஓட்டத்தைப் பார்த்துப் பிரமித்த பிறகு அது கலையா என்று என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஸ்மித் பின்னால் பேட்டனையும் தாண்டி 18,355 யார்டு ஓடினார், சாதனை இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது உங்களுடைய 'வெறும் 1,457 யார்டு'. அதிலும் அந்த 'வெறும்'. கொஞ்ச நாளாக நான் சாண்டர்ஸை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவரைவிட, அவருக்கு முன்னால் நின்றவர்களை.

நீங்கள் யார்டில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். 1998இல், அவருடைய கடைசி சீசனில், 343 முறை பந்தை வாங்கிக்கொண்டு ஓடி 1,491 யார்டு எடுத்தார். அந்த விகிதத்தில் 1,457 யார்டு எடுக்க இன்னும் சுமார் 335 முறை ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் அவரைவிடத் தடித்த, நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் முழு வேகத்தில் வந்து மோதுவார்கள். அவர் உயரம் 5 அடி 8 அங்குலம். அதற்கு முன்பே பத்து சீசனில் 3,062 முறை அப்படி ஓடி முடித்திருந்தார். சோபாவில் உட்கார்ந்துகொண்டு இன்னும் 335 மோதல் வாங்கிக்கொள் என்று ஒரு மனிதரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்கு ஆடிய ஏர்ல் காம்ப்பெல் 1980 சீசனில் மட்டும் 373 முறை ஓடி 1,934 யார்டு எடுத்தார். ஊரே கொண்டாடியது. பிற்காலத்தில் அவரால் ஒழுங்காக நடக்க முடியவில்லை. நடக்கக் கோல், சில நாள் சக்கர நாற்காலி. அவரையும் உங்கள் மகனோடு சேர்ந்து பாருங்கள்.

உடனே நீங்கள் சொல்வீர்கள், சாண்டர்ஸுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லையே என்று. உண்மைதான், உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் விலகினார். ஆடும் ஆசையைவிட விலகும் ஆசை அதிகமாகிவிட்டது என்று சொந்த ஊரான விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார், அவ்வளவுதான். பேட்டி கிடையாது, விழா கிடையாது. அணி ஜெயிக்க முயற்சி செய்வதையே நிறுத்திவிட்டது என்று அவர் நினைத்தது பின்னால்தான் வெளியே தெரிந்தது. ஏற்கெனவே வாங்கிய போனஸில் சுமார் 55 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டி வந்தது. பொறுப்பில்லாதவர் என்கிறீர்களே, அதற்கு அவர் கொடுத்த விலை அது.

தொண்ணூறுகளில் நானும் மிச்சிகனில் வேலை பார்த்தேன். 1997 தேங்க்ஸ்கிவிங் அன்று கூட வேலை செய்த ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவருடைய அப்பா கார் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டிவியில் லயன்ஸும் சிகாகோ பேர்ஸும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாண்டர்ஸ் அன்று 167 யார்டு, மூன்று டச் டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). எரிக் டிக்கர்சனைத் தாண்டி மொத்தக் கணக்கில் இரண்டாவது இடத்துக்கு வந்தார். வீடே கத்துகிறது, நானும் கத்துகிறேன். பெரியவர் மட்டும் என் முழங்கையைத் தட்டி, பந்து வைத்திருப்பவனைப் பார்க்காதே, அவனுக்கு முன்னால் குனிந்து நிற்கிறவர்களைப் பார் என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்த ஆட்டமே வேறாகிவிட்டது.

சாண்டர்ஸ் யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக ஓடினார் என்று இன்றும் சொல்கிறார்கள். பாதி உண்மைகூட இல்லை. ஆஃபென்சிவ் லைன் என்ற முன்வரிசையில் நின்று எதிராளியை நெஞ்சால் தாங்கியவர்களின் பெயர் எந்த யார்டு கணக்கிலும் வராது. அதில் ஒருவர் மைக் அட்லி. 1991 நவம்பரில் ராம்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மார்புக்குக் கீழே செயல் போனது. அணி அந்தக் கட்டைவிரலையே அடையாளமாக வைத்துக்கொண்டு மிச்ச லீக் ஆட்டங்களை எல்லாம் ஜெயித்தது. 1992 ஜனவரியில் டாலஸை 38-6 என்று அடித்தது. லீக் முடிந்த பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில், சாண்டர்ஸ் காலத்தில் லயன்ஸ் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அடுத்தது 2024இல்தான் வந்தது! இன்னொருவர் எரிக் ஆண்டல்செக். 1992 ஜூனில், லூயிசியானாவில் தன் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது சாலையை விட்டு ஏறி வந்த லாரி மோதிச் செத்துப்போனார். வயது 25. மூன்றாமவர் கெவின் குளோவர். பல வருடம் சாண்டர்ஸுக்கு முன்னால், வரிசையின் நடுவில் சென்டராக நின்றவர். 1998இல் அவரைத் தக்கவைத்துக்கொள்ளாமல் சியாட்டிலுக்குப் போக விட்டார்கள். சாண்டர்ஸ் மனம் விட்டுப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், 1997இன் கடைசி ஆட்டம். ஜெட்ஸுக்கு எதிராக சாண்டர்ஸ் 184 யார்டு எடுத்து, ஒரே சீசனில் 2,000ஐத் தாண்டிய மூன்றாவது ஆள் ஆனார். அதே ஆட்டத்தில் அவருடைய அணியின் ரெஜி பிரவுன் தண்டுவடத்தில் அடிபட்டு மூச்சில்லாமல் கிடந்தார். மைதானத்திலேயே மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிழைத்தார், பிறகு நடக்கவும் நடந்தார். ஆனால் ஆட்டம் அன்றோடு முடிந்தது. 2,053 என்ற எண் அச்சில் வரும்போது அதன் பக்கத்தில் இது வருவதில்லை. இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவரிடம்தான் நீங்கள் இன்னும் 1,457 கேட்கிறீர்கள்.

கோபமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் 1999இல் திடீரென்று மாறிப்போனவர் இல்லை. 1989இல், முதல் சீசனின் கடைசி ஆட்டத்தில், இன்னும் பதினொரு யார்டு எடுத்திருந்தால் அந்த வருடம் அதிக யார்டு ஓடிய ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) அவர்தான். கிறிஸ்டியன் ஒகோயே 1,480, இவர் 1,470. உள்ளே போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார். டச் டவுன் போட்டால் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார், குதிக்க மாட்டார். பள்ளியில் கடைசி வருடத்தின் நான்காவது ஆட்டம் வரைக்கும் அவரை ரன்னிங் பேக்காக நிறுத்தவே இல்லை. அதற்காகவும் அவர் யாரிடமும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

அவர் அப்பா வில்லியம் கூரை வேலை செய்தவர், பதினொரு பிள்ளைகள். மகன் உலகப் புகழ் பெற்ற பிறகும் பழைய காலத்து ரன்னிங் பேக் ஜிம் பிரவுன்தான் எல்லாரையும்விடப் பெரியவர் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜிம் பிரவுனும் முப்பது வயதில், உச்சத்தில் இருக்கும்போது விட்டுப் போனவர்தான். இந்த அப்பாவை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மகனின் புகழில் தனக்குப் பங்கு கேட்காத மனிதர் என்றே எனக்குப் படுகிறது. உங்களிடம் அதைத்தான் கேட்கிறேன்.

சரி, உங்கள் மகன். சாண்டர்ஸைச் சாக்காகச் சொல்லாதே என்று அவனைத் திட்ட வேண்டாம், பதின்மூன்று வயதில் வேறு எதைச் சொல்வான். அவன் ஏன் போதும் என்கிறான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கோச் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது. தோள் வலிக்கிறதா, காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியவில்லையா, கூட நீந்தியவன் யாராவது விட்டுப் போய்விட்டானா? கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள், காரில் போகும்போது, பாட்டை அணைத்துவிட்டு. நடுவில் பேசாதீர்கள். அவன் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள், அவனுக்கு நேராகப் பதில் போடுகிறேன்.